போர்முனைச் செவிலியரின் கருவிகள்: கைகொடுத்தவையும் கையைக் கடித்தவையும்

காரல், டேக்கின், தாமஸ், ட்ரூட்டா. போர்க்கள மருத்துவத்தில் பேர்பெற்ற கருவிகளும் முறைகளும் இப்படிக் கண்டுபிடித்தவர்கள் பேரிலேயே நிற்கின்றன. அவற்றை இரவு பகலாகக் கட்டி மேய்த்தவர்கள் செவிலியர்கள். கண்டுபிடித்தவர் ஒரு காயம் ஆறுவதைப் பார்த்துக் கருவியை மெச்சுவார். அதே கருவி முப்பது கட்டிலில் ஒரே இரவில் ஓடினால் என்ன ஆகும் என்பது செவிலியருக்குத்தான் தெரியும். இந்த மதிப்புரை கட்டிலருகே நின்று எழுதியது.

எங்கள் அளவுகோல் எளிது. ஒரு கட்டிலுக்கு ஒரு நாளில் எத்தனை தடவை ஆள் வந்து கைவைக்க வேண்டியிருக்கிறது? கொஞ்சம் பிசகினால் என்ன கெடும்? அந்தக் கேடு உடனே கண்ணில் படுமா, ஒளிந்திருந்து கழுத்தறுக்குமா? சேற்றிலும் இருட்டிலும் குளிரிலும் வேலை செய்யுமா? குணமாக்கும் திறனைப் பற்றி ஆளாளுக்கு எழுதியாயிற்று. ஆள் போதாத வார்டில் அந்தத் திறன் ஏட்டுச் சுரைக்காய்தான்.

முதலில் எல்லாரும் கேட்கும் விளக்கை முடித்துவிடுவோம். கிரிமியப் போரில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1854 நவம்பர் 4 அன்று 38 செவிலியரோடு துருக்கியின் ஸ்கூட்டாரியில் இருந்த பிரிட்டிஷ் படை மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். ஓவியங்களில் அவர் கையில் இருப்பது கிரேக்க பாணி எண்ணெய் விளக்கு. அங்கே புழங்கியதோ துருக்கிக்காரர்களின் ஃபனூஸ்: மேலும் கீழும் உலோகத் தகடு, நடுவே மடிப்பு மடிப்பாக மெழுகுத்துணி, உள்ளே மெழுகுவத்தி. மடக்கினால் தட்டையாகிவிடும், காற்றுக்குச் சட்டென்று அணையாது, தூங்குகிறவர் கண்ணையும் கூசவைக்காது. காயத்தைப் பார்க்க அந்த வெளிச்சம் போதாது. கட்டில்களுக்கு நடுவே தடுக்கி விழாமல் நடக்கப் போதும். சுற்று வர நல்ல சாமான், அவ்வளவுதான். ஸ்கூட்டாரியில் உயிர் காத்த பெருமை 1855 மார்ச்சில் வந்த சுகாதார ஆணையத்துக்கும் அது சுத்தம் செய்த சாக்கடைக்கும் திறந்துவிட்ட காற்றுவழிக்கும் போகவேண்டும். பிப்ரவரியில் 42 சதவீதமாக இருந்த இறப்பு ஜூனில் 2 சதவீதத்தை ஒட்டி இறங்கியது.

தாமஸ் ஸ்பிளின்ட்

தொடை எலும்பு குண்டுபட்டு முறிந்தால் தொடைத் தசை சும்மா இருக்காது, சுண்டி இழுக்கும். முறிந்த முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். ஸ்ட்ரெச்சர் குலுங்கும் ஒவ்வோர் அடிக்கும் கூரான எலும்பு தசையைக் கிழிக்கும், ரத்தம் உள்ளேயே ஊறும். இதைத் தடுக்கும் ஸ்பிளின்டை, அதாவது முறிந்த காலை அசையாமல் பிடிக்கும் சட்டத்தை, லிவர்பூலின் ஹ்யூ ஓவன் தாமஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செய்துவிட்டார். அவர் 1891 இல் காலமானார். அவரிடம் தொழில் பழகிய உறவினர் ராபர்ட் ஜோன்ஸ்தான் முதல் உலகப்போரில் அதைப் படைக்குள் கொண்டுவந்தார்.

தோல் உறை போட்ட இரும்பு வளையம், அதிலிருந்து இறங்கும் இரண்டு கம்பிகள், பாதத்துக்கு அப்பால் அவை சேரும் இடத்தில் ஒரு பள்ளம். கருவி இவ்வளவுதான். வளையம் உட்காரும் எலும்பில் முட்டுக்கொடுக்கும். பாதத்தைக் கட்டிக் கம்பி முனைக்கு இழுத்தால் கால் நீளும், எலும்பு முனைகள் விலகும். வளையம் சாய்வாகப் பொருத்தப்பட்டிருப்பதால் வெளிக்கம்பி நீளம், உள்கம்பி குட்டை. இடக்கால் ஸ்பிளின்டை அவசரத்தில் வலக்காலுக்குப் போட்டால் வளையம் தொடையிடுக்கை அறுக்கும். இதைத் தவிர்க்கவே அமெரிக்கப் படை கீல் வைத்த அரைவளையத்துக்கு மாறியது; அது எந்தக் காலுக்கும் பொருந்தும்.

போடும் முறையைப் படையினர் எண் சொல்லிச் செய்யும் கவாத்தாகவே பழகினார்கள். மூன்று பேர் வேண்டும். ஒருவர் ஒரு கையில் குதிகாலையும் மறு கையில் பாதத்தின் முன்பக்கத்தையும் பிடித்து நேராக இழுப்பார், கட்டி முடியும்வரை விடமாட்டார். காலணியைக் கழற்றுவதில்லை, கால்சட்டையை வெட்டுவதில்லை. வளையத்தைக் காலணிக்கு மேலாக நுழைத்துத் தொடையிடுக்குவரை தள்ள வேண்டும். கணுக்காலில் சுருக்கு முடிச்சு, அதன் இரு முனைகளையும் கம்பிப் பள்ளத்தில் கட்டி, நடுவே ஒரு குச்சியோ ஆணியோ செருகி முறுக்கினால் இழுப்பு ஏறும். பிறகு காலுக்கு அடியில் துணித்தொட்டில்கள், பாதத்துக்குக் கம்பித் தாங்கி. கண்ணைக் கட்டிக்கொண்டும் செய்கிற அளவுக்குப் பழக்கினார்கள். இரவில் சேற்றில் போடவேண்டிய கருவிக்கு அதுதான் சரியான பயிற்சி.

செவிலியர் பாடு அதற்குப் பிறகு தொடங்குகிறது. களத்தில் காலணிமேல் போட்ட சுருக்கு சில மணி நேரத்துக்குத்தான். வார்டுக்கு வந்தபிறகும் அப்படியே விட்டால் குதிநரம்பின் மேல் தோல் கறுத்துப் புண்ணாகும். உடனே அதை எடுத்துவிட்டுக் காலின் இருபுறமும் பட்டை ஒட்டி இழுப்பை மாற்ற வேண்டும். வளையத்துக்கு அடியில் இருக்கும் தோலைச் சில மணிக்கு ஒருமுறை விரலால் மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் நகர்த்தி, துடைத்து, உலர்த்தி, பவுடர் போட வேண்டும். மலசலத்தட்டு வைக்கும்போது நல்ல கால் பக்கத்திலிருந்து நுழைக்காவிட்டால் வளையத்தின் தோலுறை நனையும். நனைந்த தோல் காய்ந்தால் கட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும், மறுநாளே படுக்கைப் புண். முழங்காலுக்கு வெளிப்பக்கம், சற்றுக் கீழே, நரம்பு எலும்பை ஒட்டி ஓடுகிறது. கால் வெளிப்பக்கம் சாய்ந்து கம்பியில் அழுந்தினால் பாதம் தொங்கிப்போகும், எலும்பு கூடினாலும் நடை போய்விடும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். நிறம், சூடு, அசைவு மூன்றையும் பார்த்தால் அரை நிமிடம்கூட ஆகாது.

மேலே சட்டமடித்துக் கப்பியில் எடை தொங்கவிடும் ஏற்பாட்டில் ஒரு தொல்லை உண்டு. நோயாளி கட்டிலில் கீழே சறுக்கிவர, எடைப்பை தரையைத் தொட்டு நிற்கும். இழுப்பு சுத்தமாகப் போயிருக்கும், பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியும். கால்மாட்டை உயர்த்தி வைத்தால் உடம்பே எதிர்எடையாகும், சறுக்கல் குறையும்.

1917 வசந்தத்தில் பிரான்சின் அராஸ் சண்டையில் தொடை எலும்பு முறிந்து காயம் திறந்தவர்களில் இறப்பு 16 சதவீதத்தை ஒட்டி இருந்தது. போரின் தொடக்கத்தில் அது 80 என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அந்த முதல் ஆண்டுகளின் பதிவு ஒழுங்கற்றது என்பதால் அந்த எண்ணை நாங்கள் தலையில் தூக்கி வைப்பதில்லை. இடையில் அறுவைக்கூடங்கள் முன்னே நகர்ந்தன, ரத்தம் ஏற்றுவதும் தொடங்கியது. முழுப் புகழையும் இரும்பு வளையத்துக்கு மாலையாகப் போடமுடியாது. ஆனாலும் கைவேலை குறைவு, பிசகு கண்ணில் படும், சேற்றிலும் ஓடும். பத்துக்கு ஒன்பது.

காரல்–டேக்கின் கழுவுமுறை

இந்த மதிப்புரையில் எங்களை அதிகம் இழுத்தடித்த சாமான் இதுதான். சரியாக ஓடினால் இதற்கு ஈடில்லை. சரியாக ஓட்ட எத்தனை கை வேண்டும் என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும்.

வடக்கு பிரான்சின் வயல்கள் தலைமுறை தலைமுறையாகச் சாணம் கண்டவை. குண்டுச் சில்லு அந்த மண்ணையும் சீருடைத் துணியையும் தசைக்குள் ஆழமாகத் தள்ளிவிடும். மேலே மருந்து தடவினால் உள்ளே சேராது. 1912 இல் நோபல் பரிசு பெற்ற அலெக்சி காரல், கோம்பியேனில் ஒரு ஓட்டலை மருத்துவமனையாக்கி, ஆங்கிலேய வேதியியலாளர் ஹென்றி டேக்கினோடு 1915 இல் இந்த முறையை வகுத்தார். காரலின் மனைவியே அங்கே செவிலியராக வேலை பார்த்தவர். ராக்கஃபெல்லர் நிறுவனத்தின் பணம் பின்னால் இருந்தது. 1917 இல் நியூயார்க்கில் ஒரு மாதிரி மருத்துவமனை கட்டி மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இதைப் பாடமாகவே நடத்தினார்கள். பாடம் நடத்தித்தான் புரியவைக்க முடியும் என்பதே கருவியைப் பற்றி ஒரு தகவல்.

மருந்து சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். வலிமை 0.45 முதல் 0.5 சதவீதத்துக்குள் இருந்தாக வேண்டும். அதற்குக் கீழே போனால் கிருமி சாகாது, மேலே போனால் தோலும் தசையும் எரியும். இத்தனை ஒடுக்கமான இடைவெளி கொண்ட மருந்தைப் போர்க்களத்தில் அன்றாடம் தயாரிக்கச் சொன்னார்கள். டேக்கினின் முதல் செய்முறை: 10 லிட்டர் தண்ணீரில் 140 கிராம் உலர்ந்த சலவைச் சோடா, அதோடு 200 கிராம் பிளீச்சிங் பவுடர். நன்றாகக் குலுக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் குழாய் வைத்து இறக்கிப் பஞ்சில் வடிகட்ட வேண்டும். கடைசியில் 40 கிராம் போரிக் அமிலம். அது காரத்தைத் தணிப்பதற்கு.

பிசகும் இடம் பிளீச்சிங் பவுடர். டப்பாவுக்கு டப்பா அதன் குளோரின் அளவு மாறும். திறந்து வைத்த டப்பா நாளுக்கு நாள் நீர்த்துப்போகும். எடை போட்டுக் கலந்தால் மட்டும் போதாது. கரைசலில் பொட்டாசியம் அயோடைடும் அசிட்டிக் அமிலமும் சேர்த்து, தயோசல்ஃபேட் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மறையும் கணக்கில் குளோரினை அளந்தாக வேண்டும். காரம் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க இன்னொரு சோதனை: கொஞ்சம் கரைசலை எடுத்து ஃபீனால்ஃப்தலீன் பொடியைத் தூவினால் சிவக்கக் கூடாது. சிவந்தால் அந்தக் கரைசல் காயத்துக்கு ஆகாது. வெளிச்சம் பட்டாலும் சூடாக்கினாலும் வலிமை போய்விடும். குளிர்காலத்தில் காயம்பட்டவர் சில்லென்கிறது என்று முனகினால் சூடுபண்ணிக் கொடுக்கத் தோன்றும். செய்யக் கூடாது. ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்தும் வைக்கக் கூடாது.

பிறகு குழாய்கள். உள்விட்டம் சுமார் 4 மில்லிமீட்டர் கொண்ட ரப்பர் குழாய், நுனியை நூலால் கட்டி அடைத்து, கடைசி 5 முதல் 20 சென்டிமீட்டர்வரை பொடிப்பொடியாகத் துளையிட்டது. காயத்தில் எத்தனை சந்து பொந்து இருக்கிறதோ அத்தனை குழாய். எல்லாம் ஒரு கண்ணாடிக் கிளைக்குழாயில் சேரும். அதிலிருந்து ஒரே குழாய் மேலே, கட்டிலுக்கு 60 சென்டிமீட்டர் முதல் 1 மீட்டர் உயரத்தில் தொங்கும் கண்ணாடிக் குப்பிக்குப் போகும். நடுவே ஒரு கிளிப். காயத்தைச் சுற்றியுள்ள தோலுக்கு வாஸ்லின் தோய்த்த காஸ் துணிப் பட்டைகள். இதை விட்டுவிட்டால் இரண்டே நாளில் தோல் வெந்ததுபோல் சிவந்துவிடும்.

இரண்டு மணிக்கு ஒருமுறை, பகலிலும் இரவிலும், செவிலியர் வந்து கிளிப்பைச் சில விநாடி திறந்து மூட வேண்டும். குழாய்க்கு 5 முதல் 10 மில்லி போதும். காயம் நனைந்தே இருக்க வேண்டும், ஆனால் வழியக் கூடாது. கிளிப்பை ஐந்து விநாடி அதிகமாக விட்டால் கட்டு நனையும், மெத்தை நனையும், முதுகுத் தோல் ஊறும். குறைவாக விட்டால் முதல் குழாய் மட்டும் குடித்துவிட்டுக் கடைசிக் குழாய் காய்ந்து கிடக்கும். கீழ்நோக்கித் திறந்த காயத்தில் மருந்து நிற்காமல் ஓடிவிடும் என்பதால் அங்கே துண்டுத்துணி சுற்றிய குழாய் வேண்டும். அறுவை மருத்துவர் குழாயை எங்கே வைக்கிறார் என்பதில் பாதி வெற்றி. மறுநாள் கட்டு மாற்றும்போது அதை அசைக்காமல் காப்பாற்றுவதில் மீதிப் பாதி.

இப்போது கணக்கு. ஒரு கட்டிலுக்கு நாளுக்கு 12 தடவை. முப்பது கட்டில் என்றால் 360. ஒரு கட்டிலுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும் 12 மணி நேரம், அதாவது ஒரு செவிலியரின் முழு வேலைநாள் கிளிப் திறந்து மூடுவதிலேயே போய்விடும். கட்டு மாற்றுவது, கரைசல் கலப்பது, குழாய் கொதிக்கவைப்பது, துளை அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் இதற்கு வெளியே. இது தவிர, இரண்டு நாளுக்கு ஒருமுறை காயத்திலிருந்து தடவல் எடுத்து மைக்ராஸ்கோப்பில் கிருமியை எண்ணி வரைகோடு போட வேண்டும். தடவல் எடுப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் கழுவக் கூடாது. இல்லாவிட்டால் எண்ணிக்கை பொய் சொல்லும். மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வைக்குத் தெரியும் வட்டம் ஒரு புலம்; பல புலங்களைத் தேடினால்தான் ஒரு கிருமி அகப்படும் என்ற நிலை வந்தபிறகே காயத்தைத் தைத்து மூடலாம்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. ஹைப்போகுளோரைட் செத்த தசையைக் கரைக்கும். அதுதான் அதன் பலம். அதே பலத்தால் ரத்தக்கட்டியையும் கரைக்கும், விலங்குக் குடலில் செய்த கேட்கட் தையல் நூலையும் கரைக்கும். ரத்தக்குழாயை அந்த நூலால் கட்டியிருந்தால் பல நாள் கழித்து நடுஇரவில் பொத்துக்கொள்ளும். அதனால் இந்த முறை ஓடும் கட்டில் தலைமாட்டில் ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை எப்போதும் கை எட்டும் தூரத்தில் தொங்கும், சுற்று வரும்போது போர்வையை விலக்கிக் கட்டைப் பார்ப்பது கட்டாயம்.

இந்த முறை பயனற்றது என்று அன்றே சில பேர் எழுதினார்கள். பெரும்பாலும் அவர்கள் செய்தது காரல் முறையே அல்ல. கடையில் வாங்கிய கரைசல், இரண்டு குழாய், நினைத்தபோது ஒரு கழுவல். முறையைப் பழிப்பதற்கு முன் அந்த வார்டில் எத்தனை செவிலியர் இருந்தார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கையிருப்பு ஆள் தாராளமாக இருந்த பின்தள மருத்துவமனைக்குப் பத்துக்கு ஒன்பது. நாளுக்கு நூற்றுக்கணக்கில் காயம்பட்டவர் வந்து இறங்கும் முன்னணி நிலையத்துக்கு மூன்றுக்கு மேல் தரமாட்டோம்.

மூடிய மாவுக்கட்டு

அதே கேள்விக்கு நேர் எதிரான பதில். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பார்சலோனாவின் ஜோசப் ட்ரூட்டா, காயத்தைக் கழுவி, செத்த தசையை வெட்டியெடுத்து, காஸ் துணி அடைத்து, காயத்தையும் சேர்த்தே மாவுக்கட்டால் மூடிவிட்டார். வாரக்கணக்கில் திறப்பதில்லை. அமெரிக்கரான வின்னெட் ஆர் முன்பே தொடங்கிய வழிதான். ட்ரூட்டா வெட்டியெடுக்கும் படியை உறுதியாக்கினார். 1939 இல் அவர் வெளியிட்ட கணக்கில் 1,073 பேர், இறந்தவர்கள் 6 பேர்.

கைவேலை என்று பார்த்தால் அடிமாட்டு விலைக்குக் கிடைத்த மாதிரி. ஆனால் நாற்றம். சீழ் கட்டுக்குள்ளேயே ஊறி வெளியே கசிந்து, கோடையில் வார்டுக்குள் நிற்கமுடியாது. அந்த நாற்றத்துக்குப் பயந்து கட்டைப் பிரித்தால் முறையே போச்சு. அதற்காக எல்லா நாற்றத்தையும் அலட்சியம் செய்தால் உள்ளே வாயு அழுகல் (கேஸ் கேங்கரீன்) பரவும். இரண்டையும் பிரித்தறிவது மூக்கின் வேலையல்ல: நாடி ஏறுகிறதா, திடீரென்று வலி கூடுகிறதா, விரல்கள் வீங்கிக் குளிர்கிறதா, முகம் வெளிறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஈரமான மாவுக்கட்டை விரல் நுனியால் தூக்கினால் பள்ளம் விழும், அந்தப் பள்ளம் உள்ளே தோலை அழுத்திப் புண்ணாக்கும். உள்ளங்கையால்தான் தாங்கவேண்டும், ஒன்றிரண்டு நாள் காயும்வரை. வீங்கக்கூடிய காலை மாவுக்கட்டோடு வண்டியிலோ விமானத்திலோ அனுப்புவதற்கு முன் அதை மேலிருந்து கீழ்வரை தோல் தெரியப் பிளந்துவிட வேண்டும். பஞ்சுவரை மட்டும் பிளந்துவிட்டு அனுப்பியதால் கால் போனவர்கள் உண்டு.

மார்ஃபின் சிரெட்

மார்ஃபின் அபினியிலிருந்து எடுக்கும் கடும் வலிமருந்து. அமெரிக்கப் படையின் சிரெட், பற்பசைக் குழாய் மாதிரி ஒரு குட்டித் தகரக் குழாய். முனையில் ஊசி, உள்ளே அரை கிரெய்ன் மார்ஃபின் டார்டரேட், அதாவது 32 மில்லிகிராம். மூடியைக் கழற்றி, ஊசிக்குள் இருக்கும் வளையக்கம்பியை உள்ளே தள்ளி அடைப்பைக் குத்தி, கம்பியை எடுத்துவிட்டுத் தோலுக்கடியில் குத்தி, குழாயை அடியிலிருந்து சுருட்டி அழுத்த வேண்டும். காலிக் குழாயைச் சட்டைக் காலரில் குத்தி வைக்க வேண்டும். நெற்றியில் எம் எழுத்தைப் போடுவதும் உண்டு. இருட்டில், ஒற்றைக்கையால், கொதிக்கவைக்காமல் ஊசி போடமுடிந்தது. வடிவமைப்பு என்ற அளவில் அருமை.

அளவில்தான் கோட்டை விட்டார்கள். 32 மில்லிகிராம் என்பது வழக்கமாகப் போடும் அளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு. அதைவிடப் பெரிய சங்கடம் தோலுக்கடியில் போடுவது. ரத்தம் இழந்து குளிரில் விறைத்தவருக்குத் தோலில் ரத்த ஓட்டமே இருக்காது. மருந்து போட்ட இடத்திலேயே தங்கும், வலி அடங்காது, அடுத்தவர் இன்னொன்று போடுவார். பிறகு மருத்துவக் கூடாரத்தில் போர்வை போர்த்தி, பிளாஸ்மா (ரத்தத்தில் அணுக்களை நீக்கிய நீர்ப்பகுதி) ஏற்றி, உடம்பு சூடேறியதும் தேங்கிய மார்ஃபின் மொத்தமும் ஒரே சமயத்தில் ரத்தத்தில் இறங்கும். மூச்சு நின்றுபோகும். அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர் இத்தாலிப் போர்முனையில் இதைக் கவனித்து 1944 இல் எழுதினார். கடுங்காயம்பட்ட 215 பேரைக் கேட்டதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் வலிமருந்து வேண்டாம் என்றதையும் அவரே பதிவு செய்தார். ரத்தமிழந்தவரின் தவிப்பையும் தாகத்தையும் வலி என்று எடுத்துக்கொண்டு ஊசி போடுவது எவ்வளவு சாதாரணமாக நடந்தது என்பது இதில் புரியும்.

ஊசி போட்டவர் முன்னணியில் இருக்கிறார், மூச்சு நிற்பது செவிலியர் கண்முன். ஆகவே கூடாரத்தில் முதல் வேலை, காயம்பட்டவர்மேல் கட்டிய சீட்டு, காலர், நெற்றி மூன்றையும் பார்ப்பது. இரண்டாவது மூச்சை முழு நிமிடம் எண்ணுவது. கண்மணி ஊசிமுனை போல் சுருங்கியிருந்தால் எத்தனை பேர் கேட்டாலும் அடுத்த மருந்து கிடையாது. சூடேற்றும் முதல் ஒரு மணி நேரம் அவரைக் கண்பார்வையிலேயே வைத்திருக்க வேண்டும். நல்ல குழாய், கெட்ட அளவு: பத்துக்கு ஐந்து.

உலர் பிளாஸ்மாப் பெட்டி

ஒரு அட்டைப்பெட்டிக்குள் இரண்டு தகரடப்பா. ஒன்றில் வெற்றிடமாக்கிய குப்பியில் உலர்ந்த பிளாஸ்மா. மற்றதில் கொஞ்சம் சிட்ரிக் அமிலம் சேர்த்த காய்ச்சி வடித்த தண்ணீர், கூடவே குழாய், வடிகட்டி, ஊசிகள். முதலில் வந்தது 250 மில்லிக் கணக்கு, பின்னர் 500. ஐஸ் வேண்டாம், ரத்தப்பிரிவு பார்க்க வேண்டாம், மூன்று நிமிடத்தில் தயார்.

ஒரே ஒரு இடத்தில் வரிசை தப்பக் கூடாது. இருமுனை ஊசியை முதலில் தண்ணீர்க் குப்பியில் குத்த வேண்டும், பிறகே பிளாஸ்மாக் குப்பியில். மாற்றிக் குத்தினால் வெற்றிடம் காற்றை உறிஞ்சிவிடும், தண்ணீர் இறங்காது, பெட்டியே வீண். தண்ணீர் இறங்கியதும் குப்பியை மெல்லச் சுழற்ற வேண்டும். வேகமாகக் குலுக்கினால் நுரைகட்டும். கரைத்ததைச் சில மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். நாளைக்கு ஆகும் என்று எடுத்துவைக்கிற பொருளில்லை.

1944 இல் இத்தாலியின் ஆன்சியோ கடற்கரையில் கூடார மருத்துவமனைகள்மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது இந்தக் குப்பிகள் கூடாரக் கம்பங்களில் தொங்கின. அங்கே கொல்லப்பட்ட அமெரிக்கப் படைச் செவிலியர் ஆறு பேர். இவ்வளவு எளிதான சாமான் இருந்ததால் இதுவே போதும் என்று மேலிடத்தில் நினைத்ததுதான் கெடுதல். பிளாஸ்மா ரத்தக்குழாயை நிரப்பும், ஆனால் ஆக்சிஜனைச் சுமக்காது. ரத்த அழுத்தம் ஏறி நிற்கும், உதடு வெளிறியே இருக்கும், மேசையில் ஏற்றியதும் சரியும். அமெரிக்கப் படையின் அறுவை மருத்துவர் எட்வர்ட் சர்ச்சில் 1943 இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து முழு ரத்தம் வேண்டும் என்று மல்லுக்கு நின்றது இதற்காகத்தான். இரண்டாவது குறை மாதக்கணக்கில் தலைகாட்டாதது. பல பேரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து உலர்த்தியதால் ஒருவரிடம் இருந்த மஞ்சள்காமாலைக் கிருமி அத்தனை குப்பிக்கும் போனது. கொரியப் போரில் அது அளவு மீறவே, 1953 இல் அமெரிக்கத் தரைப்படை, பிளாஸ்மாவுக்குப் பதிலாக ஏற்றும் டெக்ஸ்ட்ரான் கரைசல் கிடைக்காத இடத்தில் மட்டும் பிளாஸ்மா என்று ஆணையிட்டது.

மூன்று மணிக்கு ஒரு பென்சிலின்

பென்சிலினைக் குறைசொல்ல யாரும் துணிய மாட்டார்கள், நாங்களும் சொல்லவில்லை. 1944 இல் அது செவிலியர் கைக்கு வந்து சேர்ந்த உருவத்தைப் பற்றித்தான் பேச்சு. மஞ்சள் பொடி, உப்புநீரில் கரைத்துக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். சிறுநீரகம் அதை விறுவிறுவென்று வெளியே தள்ளிவிடுவதால் தசையில் 25,000 யூனிட் வீதம் மூன்று மணிக்கு ஒருமுறை. ஒருவருக்கு நாளுக்கு 8 ஊசி. நாற்பது பேருக்கு 320. காரல் குழாய்க்கு ஆன அதே கணக்கு கால் நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்தது. அங்கே கிளிப்பைத் திறந்தால் போதும், இங்கே தூங்குகிறவரை எழுப்பிக் குத்த வேண்டும். ஒரே இடத்தில் குத்தினால் தசை கட்டிக்கொள்ளும் என்பதால் எந்தப் பக்கம், எந்த நேரம் என்று சீட்டில் குறித்து இடம் மாற்றிக்கொண்டே போகவேண்டும்.

ஊசிக்குழல் கண்ணாடி. முழுக்கக் கழற்றி, கழுவி, கொதிக்கவைக்க வேண்டும். சூடு ஆறுமுன் உந்துதண்டைச் செருகினால் விரிசல் விடும், ஜோடி மாறினால் கசியும். 320 ஊசிக்கு 320 குழல் எந்த வார்டிலும் இல்லாததால் ஒரே குழலில் மருந்தை நிரப்பிக்கொண்டு கட்டிலுக்குக் கட்டில் ஊசியை மட்டும் மாற்றும் பழக்கம் வந்தது. ஊசியைத் தசையிலிருந்து எடுக்கும்போதும், குழலிலிருந்து கழற்றும்போதும் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் பின்னோக்கி உள்ளே ஏறும். அடுத்தவருக்குப் போவது பென்சிலின் மட்டுமல்ல. காயம் ஆறி எழுந்து நடந்தவர்கள் இரண்டு மூன்று மாதம் கழித்து மஞ்சள் கண்ணோடு திரும்பி வந்தார்கள். 1945 இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆளுக்கொரு குழல் என்பதை வற்புறுத்தி வழிகாட்டுதல் வெளியிட்டது. குழல் எண்ணிக்கையைக் கூட்டாமல் அந்த ஏட்டை மட்டும் அனுப்பிய இடங்களில் இரவுப்பணிச் செவிலியர் என்ன செய்திருக்க முடியும்? உடம்பில் மெல்லக் கரையும் புரோகெயின் பென்சிலின் வந்து எட்டு ஊசி ஒன்றிரண்டாகக் குறைந்தபோதுதான் குழல்களைக் கொதிக்கவைக்க நேரம் கிடைத்தது.